முகம் முதலில், தறி பிறகு

ஜூம் லென்ஸ் என்றாலே எட்டாத தொலைவில் இருப்பதை இழுத்துக் கிட்டே கொண்டுவரும் நீண்ட குழாய் என்பதுதான் பொதுவான எண்ணம். நிழற்படக்காரர்கள் ‘ஸ்டாண்டர்டு ஜூம்’ என்று அழைக்கும் வகையின் வேலை வேறு. ஓர் அறையின் ஒரு பகுதியைக் காட்டுமளவு அகலத்தில் தொடங்கி, அங்கே நிற்பவரின் முகத்தை மட்டும் தனித்துக் காட்டும் நெருக்கத்தில் அது முடிந்துவிடும். கூடத்துக்குள்ளும் கடைக்குள்ளும் தறிக்கூடத்துக்குள்ளும் புழங்குவதற்கான லென்ஸ் அது.

35 மி.மீ. நிழற்படக் கேமராவுக்கென்று உருவான முதல் ஜூம் 1959இல் வந்தது. ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் வெளியிட்ட அந்த 36–82 மி.மீ. ‘ஜூமார்’ லென்ஸை வடிவமைத்தவர், ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஃபிராங்க் பேக். அது கனமானது, விலையுயர்ந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1963இல், ஜப்பானின் நிகான் நிறுவனம் 43–86 மி.மீ. எஃப்/3.5 லென்ஸைக் கொண்டுவந்தது. அந்த எண்களில் ஒரு கணக்கு இருக்கிறது. 36×24 மி.மீ. படச்சட்டத்தின் மூலைவிட்டம் ஏறக்குறைய 43 மி.மீ.; 86 அதன் இருமடங்கு. அடக்கமான அளவும், ஒரே வளையத்தில் முடிந்துவிடும் இயக்கமும் அந்த லென்ஸைப் பலரின் கைக்குக் கொண்டுசேர்த்தன. வளையத்தைத் திருப்பினால் ஃபோகஸ். அதே வளையத்தை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஜூம். அதற்கு நற்பெயர் மட்டும் வாய்க்கவில்லை. அகன்ற முனையில் நேர்கோடுகள் வெளிப்புறம் பிதுங்கும். நெருங்கிய முனையில் உட்புறம் வளையும். 1970களின் நடுவில் கண்ணாடி அமைப்பு மாற்றப்பட்டுத் தெளிவு கூடியது. எனினும் பழைய லென்ஸ்களைப் பற்றிப் பேசுவோர் நடுவே அதன் கெட்ட பெயர் இன்னும் போகவில்லை. கெட்ட பெயர் உள்ள பொருள் மலிவாகக் கிடைக்கும் என்பது பழைய பொருள் சந்தையின் நியதி.

அப்படி மலிவாகக் கிடைத்த ஒரு 43–86, நகரியின் ஒரு விசைத்தறிக் கூடத்துக்குள் வந்துசேர்ந்ததற்குக் காரணம் உண்டு.

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் திருத்தணியைத் தாண்டி வரும் ஊர் நகரி. 1953 வரை சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி தமிழகத்தின் பக்கம் வந்தபோது நகரி ஆந்திரத்தில் நின்றுவிட்டது. ஊர்ப் பேச்சில் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக விழவில்லை. தறிக்கூடத்துக்குள் ஒருவர் ‘பாவு’ என்பார், அடுத்த தறியில் நிற்பவர் ‘படுகு’ என்பார். இவர் ‘ஊடை’ என்பதை அவர் ‘பேக’ என்பார். தறியே ஒருவருக்குத் தறி, மற்றவருக்கு மக்கம். திருப்பதியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் ஒரு மாணவி, தன் சொந்த ஊரான நகரியின் நெசவுச் சொற்களைத் தொகுப்பதைப் பொருளாக எடுத்துக்கொண்டாள். பெரியப்பாவின் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் ஆறு விசைத்தறிகள் இருந்தன. அவளுடைய சொற்பட்டியலில் பாதிக்கு மேல் அங்கே கிடைத்தவை.

ஐப்பசி மாதத்தில் பெரியப்பா ஒரு முடிவைச் சொன்னார். பொங்கல் கழிந்ததும் ஆறு தறிகளையும் எடைக்குப் போட்டுவிடப்போகிறார். நூல் விலைக்கும் கிடைக்கும் கூலிக்கும் கட்டுப்படியாகவில்லை. நாற்பது ஆண்டுத் தறிச் சத்தத்தில் காதும் மந்தமாகிவிட்டது. வாங்க வேறு தறிக்காரர் யாரும் இல்லை. பழைய இரும்புக் கடைக்காரர்தான் விலை பேசிவிட்டுப் போயிருந்தார். சொற்களைப் பிறகும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அந்தச் சொற்கள் சுட்டும் பொருள்கள் அவற்றுக்குரிய இடத்தில், அவற்றை இயக்கும் கையோடு இருக்கப்போவது இன்னும் இரண்டரை மாதம்தான்.

கைபேசியில் எடுத்த படங்கள் அவளிடம் ஏற்கெனவே நிறைய இருந்தன. அவற்றுள் ஆய்வேட்டில் வைக்கத்தக்கவை குறைவு. கைபேசியின் முதன்மை லென்ஸ், முழுச்சட்டக் கணக்கில் ஏறக்குறைய 24 முதல் 26 மி.மீ. வரை அகன்றது. அதைக்கொண்டு ஒரு மனிதரை நிறைவாகக் காட்ட வேண்டுமானால் மிக அருகே செல்ல வேண்டும். அருகே சென்றால் மூக்கும் முன்னங்கையும் பருக்கும். விலகினால் தறி முழுதும் வரும், மனிதர் சிறு உருவமாக ஒதுங்கிவிடுவார். பெரியப்பா இருந்த பெரும்பாலான படங்களில் அவர் இயந்திரத்தின் ஓர் உறுப்புபோலத்தான் தெரிந்தார்.

ஒற்றைக் குவியத்தூர லென்ஸ்கள் இரண்டோ மூன்றோ வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எடுப்பது கற்றவர்கள் சொல்லும் வழி. தறிக்கூடத்தில் அது ஆகாது. காற்றில் எந்நேரமும் பஞ்சுத் தூசி மிதக்கும். அங்கே லென்ஸைக் கழற்றினால் கேமராவின் உணரியில் தூசி படிந்துவிடும். தறிக்கும் தறிக்கும் இடையே ஓர் ஆள் நடக்கத்தக்க சந்துதான் இருக்கும். பின்னால் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கையில், பார்வைச் சட்டத்தில் கண்ணை வைத்தபடி முன்னும் பின்னும் நடந்து படத்தை அமைப்பது ஆபத்து. நின்ற இடத்திலேயே நின்று, லென்ஸை மாற்றாமல், அகலத்தையும் நெருக்கத்தையும் மாற்றிக்கொள்ள ஒரு ஸ்டாண்டர்டு ஜூம் தேவைப்பட்டது.

புதிதாக வாங்கும் பேச்சுக்கு இடமில்லை. இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். உயர்தர 24–70 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் ஒன்றின் விலை அதுபோல் பல மாதத் தொகை. அவளிடம் இருந்தது, 2013இல் வெளிவந்த சோனி ஏ7 கேமராவின் பயன்படுத்திய உடல் மட்டும். முழுச்சட்ட உணரி கொண்டது. கண்ணாடிப் பெட்டி இல்லாதது. பழைய லென்ஸ்களுக்கு அவ்வகைக் கேமரா பொருந்துவதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. நிகான் எஃப் வகை லென்ஸ், உணரியிலிருந்து 46.5 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். சோனியின் பிணைப்பு வளையம் 18 மி.மீ. தொலைவில் இருக்கிறது. மீதி 28.5 மி.மீ. இடைவெளியை நிரப்ப உள்ளீடற்ற ஓர் உலோகக் குழாய் போதும். கண்ணாடி எதுவும் குறுக்கே வராது.

ஏகாம்பரகுப்பம் நிலையத்தில் ரயிலேறிச் சென்னைக்குப் போனாள். வெளிநாட்டுக் கேமராக்களின் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்த காலத்தில், இத்தகைய லென்ஸ்கள் பலவும் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்களின் பெட்டிகளிலும், 1969இல் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக உருவான பர்மா பஜார் போன்ற இடங்கள் வழியாகவும் இங்கே வந்துசேர்ந்தன. பிறகு அவை கல்யாண ஸ்டுடியோக்களில் உழைத்தன. டிஜிட்டல் வந்ததும் பீரோவுக்குள் போயின. பீரோவில் கழிந்த ஆண்டுகள்தான் அவற்றுக்குக் கெடுதல். புழக்கத்தில் இருக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது அரிது. தோலுறைக்குள் இருட்டில் மூடி வைத்த லென்ஸைக் கடற்கரை நகரத்தின் ஈரம் விடாது.

பழைய கேமராக்களைப் பழுதுபார்த்து விற்கும் ஒரு சிறு கடையில் அவளுக்கு மூன்று ஜூம்களை எடுத்துக் காட்டினார்கள். ஒன்று, நிகான் எஃப்எம்10 கேமராவுடன் 1995 முதல் விற்கப்பட்ட 35–70 மி.மீ.; இலேசானது, பிளாஸ்டிக் உடல், நெருங்கிய முனைக்குப் போகும்போது திறப்பு எஃப்/4.8 ஆகச் சுருங்கிவிடும். இன்னொன்றில் ஜூம் வளையம் மணலை அரைப்பதுபோல் சுழன்றது. மூன்றாவது, மறுவடிவமைப்புக்குப் பின் வந்த 43–86.

“படிக்கிற பொண்ணு, இது எதுக்கும்மா? இதுல கோடெல்லாம் வளையும்” என்றார் கடைக்காரர்.

“தறிக்குப் பக்கத்துல நின்னு எடுக்கணும் அண்ணா. அங்கே லென்ஸ் மாத்த முடியாது.”

அவர் அதற்குமேல் எதுவும் கேட்காமல் டார்ச்சை எடுத்து அவள் கையில் கொடுத்தார். நல்ல கடைக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். திறப்பை முழுதாக விரித்து, பின்புறத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சி, முன்புறத்திலிருந்து சாய்வாகப் பார்க்க வேண்டும். சிலந்தி வலைபோல் கிளைக்கும் வெண்ணிழை பூஞ்சை. முழுப் பரப்பிலும் பால்போல் படர்ந்திருப்பது மூட்டம். ஓரத்தில் வானவில் நிறத்தில் வளையம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கியுள்ளன என்று பொருள். இந்த மூன்றும் இல்லையெனில் ஒன்றிரண்டு தூசித் துகள்களைப் பொருட்படுத்தத் தேவையில்லை. அவை படத்தில் தெரியா. அடுத்து, திறப்பின் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா, நெம்பினால் தயங்காமல் விரிந்து சுருங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து ஜூம் வளையம் தானாகச் சரிகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் படியில் நிறைய சரிந்தது. தள்ளி இழுக்கும் வகையில் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது வழக்கம்தான். கடைக்காரர் தாமாகவே விலையில் கொஞ்சம் குறைத்தார்.

அந்த லென்ஸின் உடலில் ஒரு விசேஷம் உண்டு. எந்தத் திறப்பில் எவ்வளவு ஆழம் தெளிவாக வரும் என்பதைக் காட்ட, வண்ணவண்ணக் கோடுகள் குழாயின் மேல் ஒரு முனையில் விரிந்து மறு முனையில் குவிகின்றன. பாவு இழைகள் பீமிலிருந்து பிரிந்து வருவதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தக் கோடுகள் அந்நியமாகத் தோன்றவில்லை.

நகரிக்குத் திரும்பியதும் செய்த முதல் சோதனைக்கு ஊரே வசதி செய்துகொடுத்தது. எந்த லென்ஸையும் ‘முடிவிலி’ எனப்படும் மிகத் தொலைவில் சோதிக்க வேண்டும். ஊருக்கு வெளியே நின்றால் நகரி மலையின் உச்சியில் மூக்குப்போல் நீட்டி நிற்கும் பாறை தெரியும். ஆங்கிலேயர் தம் வரைபடங்களில் ‘நகரி மூக்கு’ என்றே குறித்த பாறை அது. கடலில் வந்த மாலுமிகளுக்கும் அது அடையாளம். 86 மி.மீ.யில் அந்த மூக்கின் விளிம்பைத் தெளிவாக்கினாள். வளையம் முடிவிலிக் குறியைத் தொடுமுன்பே மலை தெளிந்துவிட்டது. அப்படியே 43க்கு நகர்த்தினாள். மலை மங்கிவிட்டது.

இந்த லென்ஸ் அப்படிச் செய்யக் கூடாது. உண்மையான ஜூமின் இலக்கணமே, ஒரு முனையில் செய்த ஃபோகஸ் மறு முனையிலும் மாறாமல் நிற்பதுதான். இன்றைய ஜூம்களில் பல இந்த இலக்கணத்தைக் கைவிட்டுவிட்டன. தானியங்கி ஃபோகஸ் நொடிக்கு நொடி சரிசெய்துகொள்வதால் குறை தெரிவதில்லை. கையால் திருப்பும் லென்ஸுக்கு அந்த உதவி இல்லை. முதலில் சந்தேகம் லென்ஸின்மேல் விழுந்தது. முடிவிலிக் குறிக்கு முன்பே மலை தெளிந்தது என்ற செய்தி வேறொன்றைச் சொன்னது: லென்ஸ் உணரிக்கு இருக்க வேண்டியதைவிடக் கிட்டே இருக்கிறது. அதாவது இடையிலுள்ள குழாய் குட்டை. மலிவான இணைப்புக் குழாய்கள் பலவற்றை வேண்டுமென்றே இம்மி குறைவாகச் செய்வார்கள். கொஞ்சம் நீண்டுபோனால் தொலைவு தெளியாது, குறைந்தால் தெளியும் என்பதால். ஒற்றைக் குவியத்தூர லென்ஸுக்கு அதனால் பெரிய தீங்கில்லை. ஜூமுக்கோ இரு முனைகளின் ஒப்பந்தமே அதில் முறிந்துவிடும்.

பெரியப்பாவிடம் ஒரு வெர்னியர் அளவி இருந்தது. தறியின் தேய்ந்த உறுப்புகளை அளக்க அவர் வைத்திருந்தது. குழாயை வாங்கி, துடைத்து, நான்கு இடங்களில் அளந்தார். நான்கிலும் 28.3 மி.மீ.

“எவ்வளவு இருக்கணும்?”

“இருபத்தெட்டரை, பெரியப்பா.”

“ரெண்டு பாயிண்டுதானேம்மா, தகடு வெச்சிடலாம்.”

பித்தளைத் தகட்டை மெல்லிய துண்டுகளாக வெட்டி, குழாயின் முன்வளையத்தைப் பிடித்திருந்த நான்கு திருகுகளின் அடியிலும் ஒரே அளவாக வைத்து முடுக்கினார். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கினால் படத்தின் ஒரு பாதி மங்கும் என்று அவள் விளக்கத் தொடங்கியபோது, அவருக்கு அது தேவைப்படவில்லை. பீம் ஒரு பக்கம் ஏறினால் பாவு என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். மறுநாள் காலையில் நகரி மூக்கு 86இலும் தெளிந்தது, 43இலும் தெளிந்தது.

அன்று முதல் தறிக்கூடத்தில் அவள் பின்பற்றிய முறை ஒன்றுதான். முதலில் 86க்குச் சென்று, முகத்தைச் சட்டத்தில் நிறைத்து, கண்ணிமையில் ஃபோகஸ் செய்ய வேண்டும். பிறகு, வளையத்தைத் திருப்பாமல் நகர்த்தி, 43க்கு விலகித் தறியை உள்ளே விட வேண்டும். அதற்குக் கணக்கும் துணை நிற்கிறது. ஒன்றரை மீட்டர் தொலைவில், எஃப்/5.6 திறப்பில், 86 மி.மீ.யில் தெளிவாக வரும் ஆழம் ஏறக்குறைய 10 செ.மீ.; 43இல் அது ஏறக்குறைய 40 செ.மீ. ஆக விரியும். 10 செ.மீ. குறுகலில் பிழையின்றிப் பிடித்த தெளிவு, 40 செ.மீ. அகலத்தில் ஐயத்துக்கு இடமில்லாமல் நிற்கும். அறுந்த பாவு இழையை முடிச்சிடக் குனியும் முகமும், முடிச்சிடும் விரலும் ஒரே படத்தில் தெளிந்தன. மாறாக, அகன்ற முனையில் தொடங்கினால் எல்லாமே தெளிவாக இருப்பதுபோல் தோன்றும்; எது உண்மையில் தெளிந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது.

லென்ஸின் வரம்புகளும் வேலையை வடிவமைத்தன. அது 1.2 மீட்டருக்குக் கிட்டே உள்ளதைத் தெளிவாக்காது. விரலை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் படங்கள் அதில் கிடைக்கவில்லை. விரலோடு கையும் கையோடு ஆளும் வந்தே தீர வேண்டியிருந்தது. துணியை நேராக எடுக்கும்போது 43இல் ஊடை இழைகள் வில்போல் பிதுங்கின, 86இல் உள்வாங்கின. இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் கோடுகள் ஏறத்தாழ நேராயின. துணிப் படங்கள் எல்லாவற்றையும் அந்த இடத்தில் வைத்தே எடுத்தாள். திறந்த கதவை நோக்கிப் பிடித்தால் படம் வெளுத்துவிடும். ஓர் அட்டைக் குழலை முன்னால் மாட்டியபின் பாதி சரியானது. தள்ளி இழுக்கும் லென்ஸ் ஒவ்வோர் அசைவிலும் காற்றை உள்ளே வாங்கும் என்பதால், தறிகள் முழுவீச்சில் ஓடும்போது பஞ்சுக்கு நடுவில் அதிகம் இழுத்தடிக்காமல் ஓர் இடத்தில் நிறுத்தி எடுக்கப் பழகினாள்.

வெளிச்சத்தில் இன்னொரு சிக்கல் இருந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் குழல்விளக்கு நொடிக்கு நூறு முறை ஏறியிறங்குகிறது. அதைவிட வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழுந்தன. நொடியில் நூறில் ஒரு பங்கு, அல்லது ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தபோது பட்டைகள் மறைந்தன. அந்த வேகத்துக்கு நாடா நிற்காது. படத்தில் அது ஒரு வெண்கோடாக மட்டுமே பதியும். தறிக்கு முன்னால் நிற்பவர் அசையாமல் நிற்கும் கணத்தில் முகம் மட்டும் தெளிந்து, அவரைச் சுற்றிய எல்லாமே ஓடிக்கொண்டிருக்கும். நெசவாளரின் நாள் முழுதும் அப்படித்தான் கழிகிறது என்பதால் அவள் அதைத் திருத்த முயலவில்லை.

மெதுவான கருவி என்பதில் எதிர்பாராத ஒரு நன்மை இருந்தது. கைபேசியை நீட்டினால் பெரியப்பா சட்டையைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றுவிடுவார். இந்த லென்ஸில் ஒரு படத்துக்கு அரை நிமிடம் ஆனது. அரை நிமிடம் அப்படி நிற்க எந்தத் தறிக்காரருக்கும் நேரமில்லை; ஏதாவது ஒரு தறியில் இழை அறும், தார் தீரும். அவர் வேலைக்குத் திரும்பிவிடுவார். அவள் முகத்தில் ஃபோகஸ் செய்துவிட்டுக் காத்திருப்பாள். ஒருமுறை அவர் கேட்டார்: “இன்னும் எடுக்கலையா நீ?” எடுத்துவிட்டதாக அவள் சொன்னபோது, அவருக்கு அது கேட்கவில்லை.

மார்கழிக் கடைசியில் நானூறுக்குச் சற்று மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. தானியங்கிக் கேமராவில் ஒரு பிற்பகலில் எடுக்கக்கூடிய எண்ணிக்கை அது. அவற்றுள் எண்பது ஆய்வேட்டுக்குத் தகுந்தவை. பட்டியலில் தறி உறுப்புகளின் பெயர்கள் அகரவரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. படங்கள் வந்தபிறகு அந்த வரிசை பொருத்தமற்றதாகத் தெரிந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் முதலில் அதைச் சொன்னவர் யார், எந்த வேலையின் நடுவே சொன்னார் என்பதை எழுதி, அதன்பின் பொருளையும் தெலுங்கு இணையையும் தருவது என்று முறையை மாற்றினாள். மேற்பார்வையாளர் அதை ஏற்றார். வேலை இரண்டு மாதம் கூடியது.

பொங்கல் முடிந்த வாரம், இரும்புக் கடை வண்டி வருவதற்கு முந்தைய மாலையில், மடிக்கணினியில் படங்களைப் பெரியப்பாவுக்குக் காட்டினாள். தம் முகம் வந்த படங்களை அவர் வேகமாகக் கடந்தார். தறிகள் முழுதும் தெரியும் ஓர் அகன்ற படத்தில் நிறுத்தச் சொன்னார். ஃபோகஸ் அவர் கண்ணில் இருந்தது. திறப்பு எஃப்/11 என்பதால் பின்சுவர் வரை ஓரளவு தெளிந்திருந்தது. கூரைக்குக் கீழே, சுவரின் இரண்டு முளைகளின்மேல் கிடந்த கரிய மரம் ஒன்றைக் காட்டினார். அதன்மேல் பழைய பெல்ட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டரை மாதமும் அதன் கீழேதான் அவள் நின்றிருக்கிறாள்.

“அது தாத்தாவோட படைமரம்மா. குழித்தறியில இருந்தது. நெஞ்ச துணிய அதுலதான் சுருட்டுவாரு.”

கைத்தறியில் நெய்த துணியைச் சுருட்டும் மரத்துக்குப் படைமரம் என்று பெயர். அகராதியில் உள்ள சொல். விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் கோலியாத்தின் ஈட்டித்தாங்கைச் சொல்லுமிடத்திலும் வருவது. விசைத்தறி மட்டுமே ஓடும் ஊரில் அந்தச் சொல்லை யாரும் சொல்லிக் கேட்காததால், அவளுடைய பட்டியலில் அது ‘வழக்கொழிந்தது’ என்ற குறிப்போடு இருந்தது.

மறுநாள் காலையில் வண்டி வருவதற்கு முன் ஏணி வைத்து அதை இறக்கினார்கள். ஆறு தறிகளும் கழற்றப்பட்டு எடை போடப்பட்டன. மரத்தையும் சேர்த்துத் தூக்கப்போன ஆளைப் பெரியப்பா தடுத்து, அதை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ‘வழக்கொழிந்தது’ என்ற குறிப்பை அவள் அடித்துவிட்டு, சொன்னவர், இடம், நாள் ஆகியவற்றை எழுதினாள்.

லென்ஸ் இப்போது காற்றுப்புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கிறது. ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் பூஞ்சை அண்டாது. வாரத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தில் எடுத்துப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது. பித்தளைத் தகடுகள் குழாய்க்குள் அப்படியே இருக்கின்றன. அடுத்ததாகப் புத்தூர் பக்கம் இன்னும் கைத்தறி ஓடும் வீடு ஏதாவது இருக்கிறதா என்று அவள் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.